சிம் செத்துப்போன அலாரமும் பூட்டிய வீடும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு அலாரம் மாட்டுவது என் தொழில். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்பு என்ற முன்னோர் வழிபாடு, கல்யாணம் என்று எப்போதாவது வந்து திறப்பார்கள். மற்ற நாட்களில் வீட்டுக்குக் காவல் ஒரு வாட்ச்மேனும், செல்போனில் இயங்கும் ஒரு அலாரமும்தான்.

இப்போது பலர் யூடியூபைப் பார்த்து, ஆன்லைனில் பெட்டி வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த கோளாறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. 1234 என்ற பாஸ்வேர்டை மாற்று, சைரனைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதே என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெயினை இறக்கிவிட்டுக் கிளம்புவது

வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது நம் பரம்பரைப் பழக்கம். "அதான் பேட்டரி இருக்கே" என்பார்கள். அந்தப் பேட்டரி மின்வெட்டைத் தாண்டுவதற்காக வைத்தது, குடித்தனம் நடத்த அல்ல. சின்னப் பெட்டிகளுக்குள் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரியைத் தனியாக வைத்திருந்தால் ஒன்றிரண்டு நாள் ஓடும், அதுவும் புதிதாக இருந்தால். இரண்டு மூன்று வருடம் ஆன பேட்டரி ஒரு ராத்திரி தாங்குவதே பெரிது. அப்புறம் நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் டப்பாவை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அலாரம், ரூட்டர், கேமரா மூன்றுக்கும் தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) போட்டு, தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அணைத்துக்கொள்ளலாம்.

வளவில் மோஷன் சென்சார்

நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை. வெப்பம் இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. சுவர், தரையின் சூட்டுக்கும் மனித உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குத் தெரியும். செட்டிநாட்டு வீட்டு வளவு, அதாவது நடுமுற்றம், வானம் பார்த்த இடம். வெயில் நகரும், புறா இறங்கும், பூனை ஓடும், ராத்திரி வௌவால் வரும். எல்லாவற்றுக்கும் சைரன் அடிக்கும். நாலு முறை அடித்தால் ஐந்தாம் முறை எதிர் வீட்டார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மே மாதத்தில் தலைகீழ்ச் சிக்கல். உள்ளே காற்றும் சுவரும் 37 டிகிரியை நெருங்கும்போது ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து, சென்சாரின் கண் மங்கிவிடும். அதனால் திறந்த வளவில் இதை வைக்கவே வேண்டாம். கூரையுள்ள பகுதிகளில், நிலைக்கதவுகளுக்குக் கதவு திறப்பதைக் காட்டும் காந்த சென்சார். நகை, பாத்திரம் இருக்கும் அறைக்குள் மட்டும் மோஷன் சென்சார். ஒன்று கவனியுங்கள்: பழைய தேக்குக் கதவு பருவத்துக்குப் பருவம் சற்றே விலகும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு மாட்டினால், ஆடிக் காற்றில் கதவு ஆடும்போதெல்லாம் போன் வரும். ஒட்டி மாட்டுங்கள்.

வயர்லெஸ் சென்சார் எட்டும் என்று நினைப்பது

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும் வீடு இது. நடுவில் அத்தனை தடிமனான சுண்ணாம்புச் சுவர்கள். வயர் இழுங்கள்.

சிம்மைப் போட்டுவிட்டு மறப்பது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

செல்போன் போல இயங்கும் ஜி.எஸ்.எம். அலாரத்துக்குள் ஒரு சிம் இருக்கும். கதவு திறந்தால் நீங்கள் பதிந்து வைத்த எண்களுக்கு அந்தப் பெட்டி வரிசையாகப் போன் அடிக்கும், எஸ்.எம்.எஸ். அனுப்பும். சென்சாருக்கும் சைரனுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் சிம்முக்கு மட்டும் மேசை டிராயரில் கிடக்கும் பழையதைத் தேடி எடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு ரீசார்ஜ் செய்வார்கள். அன்றைக்குச் சோதித்துப் பார்ப்பார்கள், போன் வரும், சந்தோஷமாக விமானம் ஏறிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இது ஓடியது. லைஃப்டைம் சிம் என்று ஒருமுறை வாங்கிப் போட்டால் கிடக்கும். 2018 கடைசியில் கம்பெனிகள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று கொண்டுவந்த பிறகு கதை மாறிவிட்டது. வேலிடிட்டி முடிந்ததும் முதலில் அவுட்கோயிங் நிற்கும். சில நாள் கழித்து இன்கமிங்கும் போகும். அப்படியே 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாயும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி எண்ணையே ரத்து செய்துவிடலாம். ரத்தான எண் கொஞ்ச காலம் ஆறப்போடப்பட்டு, அப்புறம் வேறொருவருக்குப் போய்விடும்.

இதில் அலாரத்துக்கு முக்கியம் எது? அவுட்கோயிங். முதலில் சாவதும் அதுதான். "நான் அடித்துப் பார்த்தேன், ரிங் போகிறதே" என்று சமாதானம் சொல்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. நீங்கள் கூப்பிட்டால் அது எடுக்கும், அது உங்களைக் கூப்பிட முடியாது.

ரீசார்ஜ் முடியப்போகிறது என்று கம்பெனி எச்சரிக்கை அனுப்பத்தான் செய்கிறது. யாருக்கு? அந்தச் சிம்முக்கு. அது இருப்பதோ மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், திரைகூட இல்லாத பெட்டிக்குள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். காலையில் வாட்ச்மேன் ரிமோட்டால் அலாரத்தை அணைத்து, முகப்பையும் வளவையும் கூட்டிவிட்டுப் பூட்டுவார். ராத்திரி அலாரத்தைப் போடும் வேலையை வீட்டுக்காரர் யாரிடமும் விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பாஸ்வேர்டோடு ஓர் எஸ்.எம்.எஸ். தட்டுவார். பெட்டி அலாரத்தைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வெளிநாட்டு எண்ணுக்குப் போவதால் ஒவ்வொன்றுக்கும் காசு. "தம்பி, அதை நிறுத்திரு, தினமும் எதுக்கு வீண் செலவு" என்றார். "ஐயா, அது ஒன்றுதான் பெட்டி உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி" என்றேன். கேட்கவில்லை. நிறுத்திக் கொடுத்தேன்.

சிம் அதன் பிறகு எப்போது செத்தது என்று தெரியாது. அவர் மட்டும் விடாமல் தினமும் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து ஒருநாள் அந்த எண்ணிலிருந்து பதில் வந்தது. "சார், யாரு நீங்க? தினம் ராத்திரி இதே நம்பரை அனுப்புறீங்களே?" எண் யாரோ ஒரு பெண்ணுக்குப் போயிருக்கிறது. பாஸ்வேர்டும் தினசரி அவருக்கே போயிருக்கிறது.

நானும் வாட்ச்மேனும் போய்த் திறந்தோம். முகப்பு அப்படியே இருந்தது, வளவு சுத்தமாக இருந்தது. பின்கட்டுப் பூட்டு அறுபட்டிருந்தது. வெண்கலப் பானைகள், பித்தளை அண்டாக்கள், சுவரில் இருந்த ரவிவர்மா அச்சுப் படங்கள், எதுவும் இல்லை. ஒவ்வொரு காலையும் அணைத்த அலாரத்தை ராத்திரி யாரும் போடவில்லை என்பதால் சைரனுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. புகார் எழுதும்போது "என்றைக்குப் போனது?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவராலும் ஒரு மாதத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஒரு பையன், தானே பெட்டி மாட்டியவன், போனில் கேட்கிறான்: "அண்ணே, அந்தப் பதில் மெசேஜை எப்படி ஆஃப் பண்றது?" கோபம் வருமா வராதா?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சிம் புதிதாக, வீட்டுக்காரர் அல்லது நெருங்கிய சொந்தக்காரர் பெயரில் இருக்கட்டும். வாட்ச்மேன் ஆதாரில் வாங்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் எண்ணும் அவரோடு போகும். அலாரத்துக்கு டேட்டா வேண்டாம், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் போதும். அவை மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அதே விதியில் வேலிடிட்டியின் உச்சவரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளானது. வருடத்துக்கு ஒன்றாகப் போட்டு, முடிவதற்கு ஒரு வாரம் முன்பு நினைவூட்ட உங்கள் சொந்தப் போனில் குறித்து வையுங்கள்.

வாங்குமுன் பெட்டி 2ஜியா 4ஜியா என்று பாருங்கள். மலிவுப் பெட்டிகள் பல இன்னும் 2ஜிதான். அதில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி பெட்டியாக இருந்தாலும் வோல்டி (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லையென்றால் ஜியோவில் கால் போகாது.

சிம்மைப் பெட்டியில் போடுமுன் சாதாரணப் போனில் போட்டு, சிம்மின் பின் நம்பர் (PIN) பூட்டை எடுத்துவிட்டு, 1909-க்குச் சொல்லி விளம்பர எஸ்.எம்.எஸ்.களைத் தடுத்துவிடுங்கள். சில பெட்டிகளில் சிம்மின் எஸ்.எம்.எஸ். இடம் விளம்பரங்களால் நிரம்பிவிட்டால், நீங்கள் அனுப்பும் கட்டளை உள்ளேயே போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அன்லிமிடெட் பேக் என்பது இந்தியாவுக்குள் மட்டும். பெட்டி முதலில் அடிக்க வேண்டிய எண் சிங்கப்பூர் எண்ணாக இருந்து, சிம்மில் ஐ.எஸ்.டி. வசதியோ பணமோ இல்லையென்றால் அந்த கால் போகவே போகாது. உள்ளூர்ச் சொந்தக்காரர் ஒருவரை முதல் எண்ணாக வையுங்கள்.

மாதம் ஒருமுறை, அலாரம் போட்டிருக்கும்போது வாட்ச்மேனைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். போன் வர வேண்டும். தினமும் தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். பதில் மெசேஜை மட்டும், தயவுசெய்து, நிறுத்தாதீர்கள்.

வைஃபையை மட்டும் நம்புவது

ஆப் மூலம் இயங்கும் பெட்டிகளுக்கு ரூட்டர்தான் உயிர்நாடி. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் நிற்கும் நாளில் ரூட்டர் அணையும், ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று வரும். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். வைக்கலாம். தெருவில் கேபிள் அறுந்தால் அதுவும் உதவாது. வைஃபையும் சிம்மும் இரண்டும் உள்ள பெட்டியாக வாங்குங்கள்.

கணக்கை மாட்ட வந்தவர் பெயரில் திறப்பது

கேமராவை ஆப்பில் சேர்க்கும்போது மாட்ட வந்தவர் தன் போன் நம்பரிலேயே கணக்கைத் திறந்துவிட்டு உங்களுக்கு 'ஷேர்' கொடுத்துவிட்டுப் போவார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உங்கள் வீட்டு முற்றத்துக்கு அவர்தான் முதலாளி, நீங்கள் விருந்தாளி. பல மாடல்களில் பழைய கணக்கு விடுவிக்காமல் புதிய கணக்கில் சேர்க்கவே முடியாது. அவர் தொழிலை விட்டுவிட்டால் கம்பெனிக்குப் பில்லையும் சீரியல் நம்பரையும் அனுப்பிக் கெஞ்ச வேண்டியதுதான். உங்கள் எண்ணில் உங்கள் கையால் கணக்கைத் திறந்து, அவருக்கு வேண்டுமானால் நீங்கள் ஷேர் கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

அலாரத்தின் எண்ணைப் போனில் பதியாமல் விடுவது

தெரியாத எண் என்று உங்கள் போனே அதை வாயடைத்துவிடும். பெயர் போட்டுப் பதிந்து, சைலன்டிலும் ஒலிக்கும்படி வையுங்கள்.

கேமரா முன்னால் சிலந்தி

இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை ஆடினால் மெசேஜ் வரும். துடையுங்கள்.

போன் வந்த பிறகு யாரைக் கூப்பிடுவது?

ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே கதவு திறந்தால் சிங்கப்பூரில் நாலரை. தூக்கக் கலக்கத்தில் 100-ஐ அழுத்தினால் அது காரைக்குடிக்கு வராது, 112-ம் வராது. வெளிநாட்டிலிருந்து முழு எண் வேண்டும். உங்கள் காவல் நிலையத்தின் லேண்ட்லைன் எண்ணை முன்கூட்டியே வாங்கி, 91-ஐயும் முதல் பூஜ்யம் நீக்கிய எஸ்.டி.டி. குறியீட்டையும் சேர்த்துப் பதியுங்கள். காரைக்குடிக்கு அது 4565. அதன் கீழே எதிர் வீட்டுக்காரர், அப்புறம் வாட்ச்மேன், அப்புறம் அலாரம் மாட்டியவர். வாட்ச்மேனை முதலில் வைக்காதீர்கள், வயதானவர் கம்போடு இருட்டில் தனியாக உள்ளே போய்விடுவார்.