யாவராட்டில் ஒரு மாலை: பாங்காக் தெருக்கடைகளில் நண்பர்களோடு சாப்பிடுவது எப்படி?

பாங்காக் போகும் நம்மவர்கள் பலரும் பசியோடு கிளம்பி, கண்ணில் பட்ட முதல் கடையில் ஆளுக்கொரு பாட் தாய் (வதக்கிய அரிசி நூடுல்ஸ்) வாங்கிச் சாப்பிடுவார்கள். அதோடு வயிறு நிறைந்துவிடும், அறைக்குத் திரும்பிவிடுவார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் ஒரே ராத்திரியில் ஏழெட்டு வகை ருசி பார்க்கலாம். அதற்கு ஒரு விதிதான்: ஒரு தட்டு, நாலு கரண்டி. தனக்கென்று யாரும் தனித்தட்டு கேட்கக் கூடாது.

சீனா டவுனில் இருக்கும் யாவராட் சாலையை வைத்துச் சொல்கிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு அதுதான் சுலபம்.

1. நாளும் நேரமும்

திங்கட்கிழமை வேண்டாம், பல கடைகளுக்கு அன்று லீவு. மெட்ரோவின் நீலத் தடத்தில் வாட் மங்கோன் ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடைதான். மாலை 6 மணி வாக்கில் கடை போட ஆரம்பிப்பார்கள். அப்போதே போய்விட்டால் உட்கார ஸ்டூல் கிடைக்கும், நேரம் ஆக ஆக வரிசை நீளும்.

2. பொதுப் பணம்

ஆளுக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்) போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். 20, 100 பாட் நோட்டுகளாக இருப்பது நல்லது. பத்துப் பதினைந்து பாட் குச்சிக்கறிக்கு 1000 பாட் நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் மாறும். நம் கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் போய்விடும், அதனால் மொத்தமாக எடுத்துவிடுங்கள். மீன், இறால், நண்டு எடை போட்டு விற்கிற இடத்தில் விலை கேட்காமல் உட்காராதீர்கள்.

3. நாலு வார்த்தை

'மை பெட்' என்றால் காரம் வேண்டாம். 'பெட் நிட் நோய்' என்றால் கொஞ்சமாக. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'மை கின் நுவா' என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஆண்கள் 'கிராப்', பெண்கள் 'கா' சேர்த்தால் மரியாதை.

கூட்டத்தில் சைவம் இருந்தால் இது முக்கியம். 'கறி இல்லாமல்' என்று கேட்டாலும் மீன் சாஸ் விழும், காய்ந்த இறால் விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட 'ஜே' கடையைத் தேடுங்கள். அங்கே கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூட சேர்ப்பதில்லை.

4. எதை முதலில்?

லேசானதில் தொடங்குங்கள். சுட்ட பன்றிக்கறி, 'மூ பிங்', குச்சி குச்சியாகக் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று போதும், கூட ஒட்டுகிற அரிசிச் சாதம் ஒரு பொட்டலம்.

அப்புறம் சோம் தாம். பச்சைப் பப்பாளி சாலட்தான், ஆனால் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மண் உரலில் பூண்டும் மிளகாயும் முதலில் விழும், மர உலக்கையால் ரெண்டு இடி. பிறகு பனைவெல்லம், காய்ந்த இறால், காராமணிக் காய், தக்காளி, எலுமிச்சை, மீன் சாஸ், வேர்க்கடலை. கடைசியில் பப்பாளித் துருவல். ஒரு கையில் உலக்கை இடிக்க, இன்னொரு கை கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கும். துருவல் நசுங்கக் கூடாது, சாறு மட்டும் ஏற வேண்டும். மிளகாய் எத்தனை என்று கேட்பார்கள், விரலைக் காட்டினால் போதும். நாம் தினமும் காரம் சாப்பிடுகிறவர்கள்தானே என்ற வீராப்பு இங்கே வேண்டாம். அந்தச் சின்ன மிளகாய் வேகாமல் பச்சையாக விழுகிறது, ஒரு விரல் போதும். 'சோம் தாம் தாய்' என்றே கேளுங்கள். 'ப்லா ரா' சேர்த்தது புளிக்கவைத்த மீனின் வாடை அடிக்கும், பழகாதவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து சூடான சூப். 'குவாய் ஜாப்' என்பது சுருள் நூடுல்ஸ் போட்டு, மிளகு தூக்கலாக இருக்கும் பன்றிக்கறிச் சூப். குடல், ஈரல் எல்லாம் கிடக்கும். விருப்பமில்லாதவர்கள் சிப்பி போட்ட முட்டை அடையான 'ஹோய் டோட்' பக்கம் போகலாம். பாட் தாய்க்கும் இதுதான் நேரம், ஒரே ஒரு தட்டு.

5. மேஜை மேல் நாலு கிண்ணம்

நூடுல்ஸ் கடைகளில் மிளகாய்த் தூள், சர்க்கரை, மிளகாய் போட்ட மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் வைத்திருப்பார்கள். முதலில் ஒரு வாய் அப்படியே சாப்பிட்டுவிட்டு, எது குறைகிறதோ அதைச் சேருங்கள். சூப்பில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காதீர்கள், அங்கே அது சகஜம்.

6. இனிப்பு

'கனோம் குரோக்' கட்டாயம். நம் குழிப்பணியாரக் கல் மாதிரியே கல், அரிசி மாவுக்கு மேல் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. அடி முறுகி, நடு குழைவாக இருக்கும்போதே எடுத்து இரண்டிரண்டாக ஒட்டித் தருவார்கள். ஒரு நிமிடம் ஆறவிடுங்கள், உள்ளே கொதிக்கும். ஏப்ரல், மே என்றால் மாம்பழமும் ஒட்டரிசியும் உச்சத்தில் இருக்கும்.

வாடை தூக்கலான டுரியான் பழம் வாங்கினால் அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். பல ஹோட்டல்களில் அதை உள்ளே விடமாட்டார்கள், மீறினால் அபராதமும் உண்டு. மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். அதைத் தவறவிட்டால் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) பிடிக்கலாம், ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள்.