புதிய அல்பாகாவை மந்தையில் சேர்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எங்கள் 5 ஏக்கர் நிலத்தில் இப்போது 11 அல்பாகாக்கள் மேய்கின்றன. அல்பாகா என்பது ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. முதன்முதலில் வெளியிலிருந்து ஒரு பெட்டையை வாங்கி வந்தபோது, வண்டியை விட்டு இறக்கிய கையோடு மற்றவற்றோடு விட்டுவிட்டேன். கொஞ்சம் துப்பல், கொஞ்சம் துரத்தல், அவ்வளவுதான். பழகிவிட்டது என்று நம்பினேன். மூன்று வாரம் கழித்து முதுகில் கை வைத்தபோது எலும்பு கூராகத் தட்டியது. மற்றவை அதைத் தீவனத் தொட்டிப் பக்கமே விடவில்லை. அடர்ந்த ரோமம் அந்த மெலிவை மூடிவிட்டது. அது தேறி வர மூன்று மாதமானது. அதற்குப் பிறகு நாங்கள் பின்பற்றும் முறை இது.

1. வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். ஒரே இடத்தில் வளர்ந்த இரண்டு என்றால் இன்னும் நல்லது. அல்பாகாவின் சொந்த இடமான தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவெளியில், கூட்டத்தை விட்டு விலகிய விலங்கு பூமா என்ற காட்டுப்பூனைக்கு இரை. அந்தப் பயம் இன்னும் அதன் உடம்பில் இருக்கிறது. பக்கத்தில் தெரிந்த ஒரு துணை இருந்தால் புது இடத்திலும் மேயும், அசை போடும்.

விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி, அந்த மருந்தின் பெயர், தடுப்பூசி விவரம், இப்போது தின்னும் தீவனம். முடிந்தால் அவர்களுடைய காய்ந்த புல்லிலேயே இரண்டு கட்டு வாங்கி வாருங்கள். பி.ஐ.சி. எண், அதாவது கால்நடை வைத்திருக்கும் நிலத்துக்கு அரசு தரும் அடையாள எண், விக்டோரியாவில் ஒரே ஒரு அல்பாகா வைத்திருந்தாலும் வேண்டும். அதை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

2. தனிப் பட்டியில் 4 வாரம்

பழைய மந்தை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் மூக்கோடு மூக்கு தொட முடியாத தூரம் இருக்க வேண்டும். புதியவற்றுக்குத் தனி வாளி, தனித் தொட்டி. தினமும் பழைய மந்தையைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது பூட்ஸைக் கழுவிவிடுங்கள்.

இந்த 4 வாரத்தின் முக்கிய வேலை குடற்புழுவைக் கண்டுபிடிப்பது. புதிய விலங்கோடு, மருந்துக்குச் சாகாத புழுவும் உங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு வந்து சேரலாம். வந்துவிட்டால் அதை வெளியேற்றுவது மிகக் கடினம். அதனால் வந்த ஓரிரு நாளில் புழுக்கை எடுத்து முட்டை எண்ணிக்கைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். எண்ணிக்கை விழுந்திருந்தால்தான் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்டு மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் அளவை அல்பாகாவுக்கு அப்படியே கொடுத்துவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்க்கவும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: உள்ளே நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழுவாக இருக்கலாம், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாங்கி வந்த புல்லோடு உங்கள் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10 நாளில் மாற்றுங்கள். வேலியோரம் அரளிச் செடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கு வைத்திருப்பார்கள். சில இலை தின்றாலே உயிருக்கு ஆபத்து.

3. பொது வேலி, ஒரு வாரம்

பரிசோதனை முடிவுகள் நன்றாக வந்த பிறகு, நடுவில் ஒரே வேலி இருக்கும்படி இரண்டு கூட்டத்தையும் அடுத்தடுத்து விடுங்கள். கம்பி வலை வேலி போதும், முள்கம்பி மட்டும் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் வேலி நெடுக நடப்பார்கள், முனகுவார்கள், எச்சரிக்கைக் குரல் கொடுப்பார்கள். காதைப் பின்னால் மடக்கி மூக்கை வானத்துக்குத் தூக்கினால் ‘கிட்டே வராதே’ என்று பொருள். அடுத்தது துப்பல். வயிற்றிலிருந்து வரும் பச்சைத் துப்பல் நாறும். துப்பிய பிறகு கீழ் உதடு தொங்க, வாய் பிளந்து நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

இந்த வாரத்தில் நான் விரும்பிச் செய்யும் ஒரு வேலை உண்டு. அல்பாகாக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். பழைய மந்தையின் குவியலிலிருந்து ஒரு மண்வெட்டி அள்ளி, புதியவற்றின் பக்கம் ஒரு மூலையில் கொட்டுங்கள். அவை நெடுநேரம் மோந்து பார்க்கும், பிறகு அங்கேயே போடத் தொடங்கும்.

4. முதலில் இரண்டு பேர் போகட்டும்

எடுத்தவுடன் முழு மந்தையையும் ஒன்றாக்காதீர்கள். பழைய மந்தையில் சாதுவான இரண்டைப் புதியவற்றின் பக்கம் அனுப்புங்கள். 3 அல்லது 4 நாளில் நான்கும் ஒரே தொட்டியில் தின்னும். பிறகு மற்றவை வரும்போது, புதியவை தெரிந்த முகங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கலாம்.

5. எல்லாவற்றையும் சேர்க்கும் நாள்

காலையிலேயே செய்யுங்கள், பகல் முழுக்கப் பார்க்க முடியும். வெயில் கடுமையான நாளைத் தள்ளிப்போடுங்கள். ரோமம் கத்தரிக்காத அல்பாகா ஓடினால் சீக்கிரம் சூடேறிவிடும். ஈனப்போகும் பெட்டையோ, பிறந்து ஒரு வாரமே ஆன குட்டியோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

சிறிய பட்டி வேண்டாம்; இரண்டு கூட்டத்துக்கும் புதிதான பெரிய நிலத்தில் விடுங்கள். புல்லைக் குறைந்தது நான்கு இடத்தில், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியில் போடுங்கள். தண்ணீர் இரண்டு இடத்தில். இதை மட்டும் அன்று செய்திருந்தால் என் முதல் பெட்டை மெலிந்திருக்காது.

துப்பல், பின்பக்கத்தை மோந்து பார்த்தல், கழுத்தால் நெட்டுதல் எல்லாம் நடக்கும், நீங்கள் குறுக்கே போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை விடாமல் துரத்தினால், அது வாய் திறந்து மூச்சிரைத்தால், காதையோ காலையோ கடித்தால் உடனே பிரித்து, பழையபடி வேலிக்கு அந்தப் பக்கம் விடுங்கள்.

காயடிக்காத கிடாவைப் பெட்டைகளோடு இப்படிச் சேர்க்கவே கூடாது. கிடாக்களுக்குள் சண்டை வேறு மாதிரி: நெஞ்சால் மோதும், கூரான சண்டைப் பற்களால் கடிக்கும். அந்தப் பற்கள் வளர்ந்திருந்தால் முன்பே மருத்துவரை வைத்து வெட்டிவிடுங்கள்.

6. அடுத்த 6 வாரம்

வாரம் ஒரு முறை ஒவ்வொரு புதியவற்றின் முதுகிலும் கை வையுங்கள். கடைசி விலாவுக்குச் சற்றுப் பின்னால், ரோமத்தை அழுத்தி, முதுகெலும்பின் இரு புறமும் விரல்களால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை லேசாக மேடிட்டிருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் அதற்குத் தீவனம் கிடைக்கவில்லை, அல்லது புழு இருக்கிறது. தராசு இருந்தால் எடையையும் எழுதி வையுங்கள்.

மாலையில் எல்லாம் கால் மடக்கிப் படுத்து அசை போடும் நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். புதியவை ஆரம்பத்தில் தள்ளித் தனியாகப் படுத்திருக்கும். நாளாக ஆக நெருங்கி வரும். நடுவில் வந்து படுத்த அன்று, கூடுதலாக வைத்த தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கலாம்.