யூத மாணவியர் சொராரிட்டியின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஆல்ஃபா எப்சிலான் ஃபையை முன்வைத்து

சொராரிட்டி என்பதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே இந்த வேலையின் முதல் கேள்வி. 'மகளிர் சங்கம்' என்று எழுதினால், நம் வாசகரின் மனத்தில் ஊர் மாதர் சங்கமோ சுய உதவிக் குழுவோ வந்து நின்றுவிடும். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் தாமே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்கிற, கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டுக்கொள்கிற, உள்சடங்குகள் கொண்ட, படிப்பு முடிந்த பிறகும் உறுப்புரிமை நீடிக்கிற ஓர் அமைப்பை அந்த இரண்டும் குறிப்பதில்லை. ஆகவே, சொராரிட்டி என்றே எழுதி, முதல் பத்தியிலேயே அதன் பொருளை விளக்கிவிடுவது நல்லது. ஆனால் உள்ளே வழங்கும் உறவுச் சொற்களை அப்படி விட வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் மாணவிக்கு வழிகாட்டியாக ஒரு மூத்த மாணவியை இணைத்து, அந்த இருவரையும் பெரியவர், சிறியவர் என்று பிரித்துச் சொல்வது அவர்களது வழக்கம். தமிழில் அது அக்கா, தங்கை என்று தானாகவே வந்து அமைகிறது. 'சகோதரி' என்பது ஏட்டுச் சொல். மூப்பைச் சுட்டாமல் உடன்பிறந்தவளை அழைக்க நம் பேச்சில் சொல் இல்லை.

அடுத்து, எழுதுவதற்கு ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். யூத மாணவியர் நிறுவியவை பல. ஒன்றின் கொள்கையை மற்றதன்மீது ஏற்றிச் சொல்வதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. 1903-இல் நியூயார்க்கில், பின்னாளில் ஹன்டர் கல்லூரி எனப் பெயர் பெற்ற நிறுவனத்தில் தோன்றிய ஐயோட்டா ஆல்ஃபா பை இவற்றுள் மூத்தது. அது 1971-இல் கலைந்துபோனது. அதே ஹன்டரில் 1913-இல் பத்து மாணவியர் தொடங்கிய ஃபை சிக்மா சிக்மா, எந்தச் சமயத்தவரும் சேரலாம் என்று முதலிலேயே அறிவித்தது. 1917 மார்ச் 17 அன்று நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஐந்து மாணவியர் தொடங்கிய டெல்டா ஃபை எப்சிலானும் அவ்வாறே சமய வரம்பை வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு எட்டே நாட்கள் கழித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு பேர் சிக்மா டெல்டா டவ்வைத் தொடங்கினார்கள். இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது ஆல்ஃபா எப்சிலான் ஃபை. 1909 அக்டோபர் 24 அன்று, நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரியில் ஹெலன் ஃபிலிப்ஸும் அவருடைய தோழியர் அறுவரும் அதை நிறுவினார்கள்.

தேதியையும் பெயர்களையும் எழுதியவுடன் கொள்கை முழக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். எந்தக் கதவு மூடியிருந்ததால் இந்தக் கதவு திறக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். 1880-களிலிருந்து 1924-இல் குடியேற்றச் சட்டம் இறுகும் வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் ஜெர்மானிய நிலங்களிலிருந்து வந்து, நடுத்தர வகுப்பாக நிலைபெற்றுவிட்ட யூதக் குடும்பங்களும் நியூயார்க்கில் இருந்தன. இரு சாராரின் பிள்ளைகளும் கல்லூரிக்குச் சென்றபோது, அங்கிருந்த சொராரிட்டிகள் பெரும்பாலும் வெள்ளைக் கிறித்தவ மாணவியருக்கே உரியனவாக இருந்தன. எழுதிய விதியாலோ எழுதாத வழக்கத்தாலோ யூத மாணவிக்கு அழைப்பு வராது. பார்னார்டைப் பொறுத்தவரை இதில் கூடுதலாக மனத்தைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. 1889-இல் அந்தக் கல்லூரி உருவாக முன்னின்று உழைத்த ஆனி நேதன் மேயர் ஒரு யூதப் பெண்மணி. ஒரு யூதப் பெண்ணின் முயற்சியால் எழுந்த கல்லூரியில் யூத மாணவியர் தமக்கெனத் தனி வட்டம் அமைக்க நேர்ந்தது என்பதை உங்கள் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

இனி விழுமியங்களுக்கு வருவோம். அமைப்பு தன்னைப் பற்றிச் சொல்லும் வாசகங்களைப் படிக்கும்போது, சொல்லின் பொருளோடு அது எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்த ஏழு பேரும் தம் அமைப்புக்குச் சூட்டிய பெயர் கிரேக்கம். 'முல்ட்டா கோர்டா, ஊனா கௌசா', அதாவது 'பல இதயங்கள், ஒரே நோக்கம்' என்னும் குறிக்கோள் வாசகம் லத்தீன். சிக்மா டெல்டா டவ்வின் வாசகமும் டெல்டா ஃபை எப்சிலானின் வாசகமும் லத்தீன்தான்; ஃபை சிக்மா சிக்மாவினுடையது கிரேக்கம். யூதரின் மறைமொழியான எபிரேயத்தை எங்கும் காணோம். தம்மைச் சேர்த்துக்கொள்ளாதவர்களின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதற்குள் தம் மக்களைக் கூட்டிவைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவியாக எல்லாரையும்போல வாழ வேண்டும், யூதப் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்னும் இரட்டை விருப்பமே இந்த அமைப்பின் மைய விழுமியம் என்று நான் கருதுகிறேன். தோழமை, கல்வி, தொண்டு ஆகிய மூன்றையும் ஏறத்தாழ எல்லாச் சொராரிட்டிகளும் சொல்கின்றன. அவற்றை மட்டும் எழுதினால் உங்கள் கட்டுரை எந்த அமைப்புக்கும் பொருந்திவிடும்.

சான்றுகளைத் தேடும்போது கைக்கொள்ள வேண்டிய ஒரு நுட்பம், பெண்களின் பெயர்கள் பற்றியது. அமைப்பின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஹெலன் ஃபிலிப்ஸ் லிப்மன், ஐடா பெக் கார்லின், ஸ்டெல்லா ஸ்ட்ராஸ் சின்ஷைமர் என்று கணவர் வழிப் பெயரோடு காண்பீர்கள். ஆனால் 1909-ஆம் ஆண்டின் கல்லூரி ஏடுகளில் அவர்கள் வெறும் ஃபிலிப்ஸ், பெக், ஸ்ட்ராஸ்தான். பிறந்த வீட்டுப் பெயரால் தேடாவிட்டால் அவர்கள் ஏட்டிலேயே இல்லாதவர்போல் தோன்றுவார்கள். பார்னார்டின் ஆண்டு மலரான மார்ட்டர்போர்டும், மாணவியர் இதழான பார்னார்டு புல்லட்டினும் எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. சின்சினாட்டியிலுள்ள அமெரிக்க யூத ஆவணக் காப்பகத்தின் பட்டியலையும், 1892-இல் தொடங்கிய அமெரிக்க யூத வரலாற்றுக் கழகத்தின் பட்டியலையும் பாருங்கள். சொராரிட்டி வெளியிடும் 'காலம்ஸ்' என்னும் இதழ் பயனுள்ளது. ஆயினும் அது உறுப்பினருக்காக உறுப்பினர் எழுதுவது என்பதை நினைவில் வைத்து, மாணவர் செய்தித்தாள் ஒன்றோடு ஒப்பிட்டே ஒவ்வொரு கூற்றையும் எடுத்தாளுங்கள். சடங்குகளின் உள்விவரம் உறுப்பினருக்கு மட்டுமே உரியது. அதைத் துருவி வெளியிடுவதால் வரலாறு தெளிவாகப் போவதில்லை. அவர்களது நம்பிக்கையை மதித்து விட்டுவிடலாம்.

இப்போது கடினமான பகுதி. விலக்கப்பட்டவர்கள் அமைத்த வட்டமும் ஒரு வட்டம்தான். தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது என்றாலே, சேர்க்கப்படாதவர் ஒருவர் இருப்பார். குடும்பத்தின் வசதி, உடை, பேச்சு, எந்த நாட்டிலிருந்து எப்போது குடியேறியவர்கள் என்பன போன்ற அளவுகோல்கள் யூத மாணவர் அமைப்புகளுக்குள்ளும் புகுந்தன. உறுப்பினர் கட்டணம் கட்ட இயலாத, மாலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்த மாணவிக்கு இந்தத் தோழமை எட்டாமலே இருந்தது. பார்னார்டிலேயே இக்கேள்வி வலுவாக எழுந்தது. பின்னாளில் புகழ்பெற்ற இதழாசிரியரான ஃபிரீடா கர்ச்வே, மாணவியாக இருந்தபோது சொராரிட்டி முறையை எதிர்த்துப் போராடினார். 1913-இல் கல்லூரி புதிய உறுப்பினர் சேர்ப்பை நிறுத்திவைத்தது. சில ஆண்டுகளில் அம்முறையையே கைவிட்டது. ஆல்ஃபா எப்சிலான் ஃபை தன் பிறந்த வீட்டை இழந்து, பிற கல்லூரிகளில் கிளைவிட்டுத் தழைத்தது. இந்தப் பகுதியை மென்மையாக்கி எழுத வேண்டாம். அமைப்பின் மீது அன்புள்ளவர்களும் இதைத் தாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளுக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குங்கள். அமெரிக்கச் சொராரிட்டிகளின் பொது மன்றமான தேசிய பான்ஹெலனிக் மாநாடு 1902-இலேயே தோன்றியிருந்தும், ஆல்ஃபா எப்சிலான் ஃபைக்கு அதில் முழு உறுப்புரிமை 1951-இல்தான் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் வேறொரு திசையிலிருந்து வந்தது. இனமோ சமயமோ காட்டி மாணவரை விலக்கும் வழக்கத்தை ஒழிக்கும் நோக்கில், தேசிய அமைப்புகளோடு தொடர்புள்ள, சொராரிட்டி போன்ற மாணவர் கழகங்களைத் தன் வளாகங்களில் 1953-இல் தடைசெய்தது; வழக்கு தொடுக்கப்பட்டும் அந்த முடிவு நிலைத்தது. பாகுபாட்டுக்கு எதிரான கோரிக்கை யூதர்களின் கோரிக்கையும்தான். அதே கோரிக்கை, யூத மாணவியருக்கென்றே இருந்த அமைப்பின் வாசலிலும் வந்து நின்றது. கதவை அனைவருக்கும் திறந்தால் எது நம்மைச் சேர்த்துவைக்கும் என்னும் கேள்விக்கு ஒவ்வோர் அமைப்பும் வெவ்வேறு விடை கண்டது. ஆல்ஃபா எப்சிலான் ஃபை இன்று பிற சமயத்து மாணவியரையும் சேர்க்கிறது. எனினும் தன் யூத மரபை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது.

புகழ்பெற்ற உறுப்பினர்களின் பட்டியலைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளுங்கள். ரூத் பேடர் கின்ஸ்பர்க் கார்னெலில் படித்தபோது ஆல்ஃபா எப்சிலான் ஃபை உறுப்பினராக இருந்தார். 1954-இல் பட்டம் பெற்று, 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவருடைய பெருமையைச் சொராரிட்டியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் அவரை இணைத்துச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவரிடம் சட்ட உதவியாளராகப் பணியாற்றிய ரோஷெல் ஷோரெட்ஸ், மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பின் 2001-இல் அந்நோயாளிகளுக்குத் துணைநிற்கும் 'ஷர்ஷெரெத்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். எபிரேயத்தில் அதற்குச் சங்கிலி என்று பொருள். ஆல்ஃபா எப்சிலான் ஃபை தன் தொண்டுப் பணிக்குத் தேர்ந்தெடுத்தவற்றுள் அதுவும் ஒன்று. நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூத மரபினரில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவர், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்தைத் தாங்கியிருப்பதால், இந்தத் தேர்வு ஏதோ ஓர் அறப்பணிக்கு நன்கொடை திரட்டுவதாக நின்றுவிடாமல், தம் தாய்மாரையும் அக்கா தங்கையரையும் காக்கும் வேலையாகிறது. யூத மரபில் 'செதாக்கா' என்னும் சொல்லை ஈகை என்று மொழிபெயர்ப்பது போதாது. அது நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது, கொடுப்பது கடமை என்று சொல்வது. விழுமியத்தைக் காட்டுவதற்கு இத்தகைய ஒரு நிகழ்வைப் பத்து உரிச்சொற்களுக்கு ஈடாகக் கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் எழுதும் கல்லூரிக் கிளையின் நாள்காட்டியை எடுத்து, யூத நாள்காட்டிக்கு அருகே வைத்துப் பாருங்கள். பல வளாகங்களில் புதியவர்களைச் சேர்க்கும் வாரங்கள் இலையுதிர் பருவத்தில் வருகின்றன. புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும், நாள் முழுதும் உண்ணா நோன்பிருக்கும் யோம் கிப்பூரும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். அந்த நாட்களில் கூட்டம் வைக்கப்படுகிறதா, யூதரின் வார ஓய்வுநாளான சபாத் தொடங்கும் வெள்ளி மாலை உணவுக்கு ஒன்றுகூடுகிறார்களா, பிற சமயத்து உறுப்பினர் அந்த மேசையில் அமர்கிறார்களா என்று கேட்டு, கிடைக்கும் விடைகளை ஆண்டும் இடமும் குறித்து அப்படியே பதிவுசெய்யுங்கள்.