முதன்முறை லீனியர் போடுகிறவர்களுக்கு

ஹாம் ரேடியோவில் 100 வாட் ரிக்கோடு (ரேடியோ செட்டோடு) 400 வாட் லீனியரை, அதாவது பவரை ஏற்றும் ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்தால் எதிர்முனையில் உங்கள் குரல் எவ்வளவு ஏறும் தெரியுமா? 6 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரே ஒரு எஸ்-யூனிட், அவ்வளவுதான். அதனால் உங்கள் டைபோல் (கம்பி ஆன்டெனா) இன்னும் தலைக்கு மேலேயே தொங்குகிறது என்றால் முதலில் அதை உயரத்தில் கட்டுங்கள், அதில் கேட்பதும் சேர்ந்தே தெளிவாகும், லீனியரால் அது நடக்காது.

ஆன்டெனா சரி, இப்போது உரிமத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளில் ஜெனரல் கிரேடுக்கு 400 வாட், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட். ரெஸ்ட்ரிக்டட் வைத்திருப்பவர் 100 வாட் ரிக்கையே குறைத்துத்தான் வைக்க வேண்டும், லீனியர் பக்கமே போகக் கூடாது. பெட்டியில் ஒரு கிலோவாட் என்று எழுதியிருப்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

அடுத்தது கரண்ட். 400 வாட் வெளியே போக வேண்டுமானால் சுவரிலிருந்து 700, 800 வாட் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மற்றவற்றோடு சேர்த்துச் சொருகாமல், தனி லைனில் 15 ஆம்பியர் பிளக், நல்ல எர்த். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள் மெல்லிய ஆர்.ஜி.-58 என்றால் மாற்றிவிடுங்கள், ஆர்.ஜி.-213 போதும்.

ரிக்கிலிருந்து லீனியருக்கு இரண்டு கேபிள் போகும்: ஒன்று சிக்னல் போகும் ஆர்.எஃப்., மற்றொன்று பேச அழுத்தும்போது லீனியரின் ரிலேயை இழுக்கும் பி.டி.டி. லைன். பழைய வால்வு லீனியர் சிலவற்றில் இந்த ரிலே லைனில் நூறு வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும், இன்றைய ரிக் அதைத் தாங்காது, நடுவில் ஒரு பஃபர் சர்க்யூட் கட்டாயம் வேண்டும்.

இனி டியூனிங். காற்றில் செய்யாதீர்கள், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை உள்வாங்கும் ரெசிஸ்டரில்) செய்யுங்கள், அந்த டம்மி லோடும் 400 வாட்டைத் தாங்குவதாக இருக்கட்டும். செராமிக் வால்வு என்றால் சூடாக மூன்று நிமிடம் வரை பொறுங்கள். பேண்டைத் தேர்ந்து, ரிக்கில் 10, 20 வாட் மட்டும் வைத்து, டியூன், லோட் இரண்டு குமிழ்களையும் மாற்றி மாற்றித் திருப்பி அவுட்புட் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்த பிறகு டிரைவை (ரிக்கிலிருந்து லீனியருக்குப் போகும் பவரை) கொஞ்சம் ஏற்றி மறுபடி சரிசெய்யுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு வினாடிக்கு மேல் கேரியரை (விடாத வெறும் சிக்னலை) அழுத்த வேண்டாம், கண் வால்வின் கிரிட் கரண்ட் மீட்டரில் இருக்கட்டும். அப்புறம் ஆன்டெனாவுக்கு மாறி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1.5-க்குள் இருக்கிறதா பாருங்கள். டிரைவ் அதிகமானால் சிக்னல் வெட்டுப்பட்டு அக்கம்பக்க அலைவரிசையெல்லாம் இரையும், பேண்டில் கெட்ட பெயர் வர இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் 15 வினாடியில் கிட்டத்தட்ட 13 வினாடி விடாமல் டிரான்ஸ்மிட் செய்வதால் பவரைப் பாதியாக்குங்கள்.

உங்கள் அலைவரிசையின் மடங்குகளில் கசியும் ஹார்மோனிக்ஸையும் கணக்குப் போடுங்கள். 21.280 மெகாஹெர்ட்ஸின் ஐந்தாவது ஹார்மோனிக் 106.4, சென்னையில் எஃப்.எம். நிலையம் இருக்கும் இடம். இதைத் தடுக்கும் ஃபில்டரே இல்லாமல் மலிவாக விற்கும் 27 மெகாஹெர்ட்ஸ் லீனியரை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மொட்டை மாடியில் ஆன்டெனா என்றால், டிரான்ஸ்மிட் செய்யும்போது துணி காயப்போட வருகிறவர்களோ குழந்தைகளோ அங்கே இருக்கக் கூடாது. டைபோலின் நுனியில்தான் வோல்டேஜ் மிக அதிகம், தொட்டால் சதையே பொசுங்கும். நுனி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

உள்ளே கை வைப்பது பற்றி: வால்வு லீனியரில் 2000, 3000 வோல்ட் இருக்கும், அது ஆளைக் கொல்லும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி, கெப்பாசிட்டர் வடிய சில நிமிடம் விட்டு, காப்பிட்ட கைப்பிடியில் எர்த் ஒயர் கட்டிய குச்சியால் எச்.டி. லைனை (உயர் வோல்டேஜ் லைனை) தொட்டு, மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகலாம். வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரத்தில் மூடியைக் கழற்றவே வேண்டாம்.