தரையில்லாத நீலக் கோளைக் கற்பனை செய்வது எப்படி

முதல் வேலை, கோளின் படத்தைத் தேடாமல் இருப்பது. கிடைப்பதெல்லாம் ஓவியர் வரைந்தவை. ஒருமுறை பார்த்துவிட்டால் மனம் அதிலேயே நின்றுவிடும்.

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது எச்டி 189733 பி, வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். 2005-இல் பிரான்ஸின் ஓட்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். வியாழனைவிடச் சற்றுப் பெரியது. 64 ஒளியாண்டு தொலைவு. செப்டம்பர் இரவில் பைனாகுலரோடு மாடிக்குப் போங்கள். டம்பெல் நெபுலா என்ற மங்கிய வாயு மேகத்துக்குக் கிழக்கே, அரை நிலா அகலம் தள்ளி ஒரு மங்கலான விண்மீன். அதுதான் அந்தக் கோளின் சூரியன். கோள் தெரியாது, ஆனாலும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கற்பனைக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது.

இப்போது கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு விரல் அகலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே சூரியன் அவ்வளவு பெரிது! நம் சூரியனைச் சுண்டுவிரல் நுனியே மறைத்துவிடும். நிறம் ஆரஞ்சு. கோள் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியே சுற்றுவதால் பகல் பக்கத்தில் அது அஸ்தமிப்பதே இல்லை. 2.2 நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடும்.

"அத்தை, அங்கே எங்கே நிக்கிறது?" என்று அண்ணன் மகள் கேட்டாள். எல்லோரும் தவறுவது இங்கேதான். தரையை எடுத்துவிடுங்கள். கீழே ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் ஏறும், கால் பதியும் தளம் வராது. நம் எடையோ இரண்டு மடங்குக்கும் மேல்.

வெப்பத்துக்கு அடுப்படியை நினையுங்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். 2007-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி எடுத்த வெப்ப வரைபடத்தின்படி இரவுப் பக்கமே சுமார் 700 டிகிரி, பகல் பக்கம் 900-க்கு மேல். நள்ளிரவிலும் நம் வீட்டு இட்லிப் பானை உருகி வழியும். மிகச் சூடான இடம் உச்சிச் சூரியனுக்கு நேர் கீழே இல்லை, கிழக்கே தள்ளியிருக்கிறது. காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது.

அந்தக் காற்றில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகம். அதில் சிலிகேட் துகள்கள், அதாவது நம் ஆற்றுமணலின் உறவு, பக்கவாட்டில் கண்ணாடி மழையாகப் பாயும் என்று கருதுகிறார்கள். கடற்கரையில் மணல் காற்று கன்னத்தில் குத்துவதை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியையும் கண்ணாடித் தூளாக மாற்றுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும் அழகான கருநீலம் கடலால் வந்ததல்ல, இந்தத் தூசு மூட்டத்தால் வந்தது என்கிறார்கள்.

வாசனையைக் கடைசியில் சேருங்கள். 2024-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கண்டார்கள். அழுகிய முட்டை நாற்றம்.

பிறகு மறுபடி பைனாகுலரை எடுங்கள். கோள் குறுக்கே வரும்போது அந்த விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு குறையும். கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.