மல்யுத்தப் போட்டி நடத்துபவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க விரும்பினால்

ஊர் ஊராக மல்யுத்தப் போட்டி நடத்திப் பெயர் எடுத்த ஒருவர் தேர்தலில் நிற்க முடிவு செய்தால், முதலில் சரிபார்க்க வேண்டியது தன்னுடைய கூட்டத்தைத்தான். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ மேட் விரித்து, சுற்றிலும் சவுக்குக் கட்டைகளைக் கட்டி, ஒலிபெருக்கியில் பயில்வான்களின் பெயரை அறிவித்தால் மைதானம் நிரம்பத்தான் செய்யும். ஆனால் அங்கே நிற்பவர்களில் பலர் சேலத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள். முன்வரிசையில் விசிலடிக்கும் பையன்களில் பலருக்கு வாக்களிக்கும் வயதே ஆகியிருக்காது. ஆகவே வார்டு வாரியான வாக்காளர் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு தெருவிலும் உங்கள் விழாக் கமிட்டிக்கு நன்கொடை கொடுத்த குடும்பம், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பிய குடும்பம், ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்த குடும்பம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையை விட்டுவிடாதீர்கள். உங்களைப் பற்றித் தெருவில் அதிகம் பேசுவது அவர்கள்தான்.

இந்த வழியில் முன்பே நடந்தவர்களின் கதை பயன்படும். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில், சிற்றூர்களைச் சுற்றிச் சுற்றிப் போட்டி நடத்தும் மிச்சினோக்கு புரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கிய முகமூடி மல்யுத்த வீரர் கிரேட் சாசுகே, 2003-இல் இவாத்தே மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மற்ற உறுப்பினர்களின் ஆட்சேபத்தையும் மீறி முகமூடியுடன் அவைக்குச் சென்றார். 2007-இல் அதே மாகாணத்தின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். முகமூடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, அவர் ஆண்டுக்கணக்கில் கால் பதித்த வட்டாரத்திலேயே வாக்குக் கேட்டார் என்பதை. அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனத்தை நிர்வகித்த லிண்டா மக்மேன் சொந்தப் பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டியும் 2010, 2012 ஆகிய இரண்டு செனட் தேர்தல்களிலும் தோற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற யோகேஷ்வர் தத்கூட ஹரியானாவின் பரோடா தொகுதியில் 2019-இலும் 2020 இடைத்தேர்தலிலும் வெல்ல முடியவில்லை.

ஆகவே எடுத்தவுடன் பென்னாகரம் அல்லது பர்கூர் சட்டமன்றத் தொகுதியைக் குறிவைக்காமல், ஊராட்சித் தலைவர் அல்லது ஒன்றியக் கவுன்சிலர் பதவியிலிருந்து தொடங்குவதே நல்லது. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னமில்லாமல் நடப்பதால், எந்தக் கட்சியிலும் சேராமல் கமிட்டியை வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதோடு, அந்தந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். தொழிலுக்காகத் தருமபுரி நகரத்துக்கோ ஓசூருக்கோ வாக்கை மாற்றிக்கொண்டு, சொந்த ஊரில் நிற்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடும் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடும் சுழற்சி முறையில் மாறுவதால், உங்கள் ஊராட்சி எந்தப் பிரிவில் வருகிறது என்பது அறிவிக்கப்படும்வரை நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

அடுத்தது பணம். போட்டி நடத்துபவர்களுக்கு இதுதான் உண்மையான சோதனை. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளர் 34,000 ரூபாயும் ஒன்றியக் கவுன்சிலர் வேட்பாளர் 85,000 ரூபாயும் வரைதான் செலவு செய்யலாம் என்று வரம்பு இருந்தது. ஒரே நாளில் அதைவிட அதிகமாகப் பரிசுத் தொகை கொடுத்துப் பழகிய கை அந்த வரம்புக்குள் அடங்குவது எளிதல்ல. எனவே தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்பே விழாக் கமிட்டியின் வரவு செலவை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பிரித்து, கமிட்டியின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, பொருளாளர் பொறுப்பை உங்கள் உறவினர் அல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். நன்கொடை ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்துப் பாருங்கள்: கிரானைட் குவாரிக்காரர், சாலை ஒப்பந்ததாரர், மாங்கூழ் ஆலைக்காரர் என்று யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். எதிர்த்து நிற்பவர் அந்தப் பட்டியலைத் தேடி எடுப்பதற்கு முன், நீங்களே ஊர்க்கூட்டத்தில் அதை வாசித்துவிடுவது மேல். உங்கள் பந்தல் கடையோ ஒலிபெருக்கி நிறுவனமோ ஊராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருந்தால், வேட்புமனு நிராகரிக்கப்பட அதுவே காரணமாகலாம். ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, முடித்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகு போட்டி நடத்தவே நடத்தாதீர்கள் என்பது என் கருத்து. வேட்பாளர் கையால் கொடுக்கப்படும் வெள்ளிக் குத்துவிளக்கும் சைக்கிளும் பரிசா, வாக்குக்கான லஞ்சமா என்ற கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கட்டாயம் நடத்தியே ஆக வேண்டிய கோயில் திருவிழாப் போட்டியாக இருந்தால், கமிட்டி அனுமதி வாங்கி நடத்தட்டும். நீங்கள் மேடை ஏற வேண்டாம், உங்கள் படம் பிளக்ஸில் இருக்க வேண்டாம். துண்டறிக்கைகளில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விநியோகியுங்கள். நான்கு வரியில் எழுதினால் போதும். போட்டி நோட்டீஸைப் போல முப்பது பேரின் புகைப்படத்தையும் ‘மாவீரர்’, ‘சிங்கம்’ போன்ற பட்டங்களையும் அடுக்கினால், படம் விடுபட்ட முப்பத்தோராவது ஆள் எதிரணிக்குப் போய்விடுவார்.

என்ன பேசுவது என்பதில் தயக்கம் வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் நிலத்தடி நீரின் புளோரைடு பல தலைமுறைகளின் பற்களைக் கறையாக்கியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை நாள் குறித்து எழுதி வைத்துப் பேசுபவரை மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாம்பழ விலை, ராயக்கோட்டையில் தக்காளி. தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர் வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் மிகுதியாக இருப்பதால், வீட்டு வாசலில் பேசுவதற்கு அந்தந்த மொழி தெரிந்தவர் உங்கள் குழுவில் இருந்தே ஆக வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களின் கைப்பேசி எண்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். வாக்குப்பதிவு அன்று அவர்கள் ஊருக்கு வருவதும் வராததும் சிறிய ஊராட்சியில் முடிவையே மாற்றிவிடும்.

உங்களுக்கென்று இருக்கும் உண்மையான பலம் தொண்டர்கள். கயிறு கட்டி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, எடை பார்த்து, சுற்றுப் பட்டியல் எழுதிய இளைஞர்களுக்குப் பூத் ஏஜென்ட் வேலை சீக்கிரம் பிடிபடும். ஊரக வாக்காளர் நான்கு நிறங்களில் நான்கு வாக்குச் சீட்டுகளைப் பெறுகிறார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எந்த நிறத்தில் உங்கள் சின்னம் வரும் என்று வீட்டில் மூத்தவர்களுக்கு மாதிரித் தாளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கை மேசைக்கு நிதானமானவர்களை மட்டும் அனுப்புங்கள். மல்யுத்தத்தில் நடுவரின் தீர்ப்பை எதிர்க்கும் பயிற்சியாளர் மேட்டுக்குள் பாய்வதில்லை, மறுபரிசீலனை கேட்பதற்கான பஞ்சுக் கட்டையை எறிந்துவிட்டுக் காத்திருக்கிறார். செல்லாத வாக்கைப் பற்றிய ஆட்சேபத்தையும் அப்படியே, முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பு, எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வென்றாலும் தோற்றாலும் முடிவு வெளியான 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படையுங்கள். தவறினால் மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதி இழக்க நேரிடும். வென்றவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் ஊராட்சியின் கணக்கிலிருந்து பணம் வெளியே வரும். கமிட்டியில் தனியாக முடிவெடுத்துப் பழகியவர், துணைத் தலைவர் தேர்தலுக்கு முன்பே, அவரைத் தேர்ந்தெடுக்கும் வார்டு உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய்வர வேண்டும்.