பிளக்-இன் ஹைபிரிட் எஸ்.யூ.வி. இரண்டை ஒப்பிடும்போது யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் டொயோட்டா ராவ்4 ஒரு பக்கம், புத்தம் புதிய பி.வை.டி. சீலயன் 6 மறுபக்கம். இரண்டும் பிளக்-இன் ஹைபிரிட்: வீட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றினால் மின்சாரத்தில் ஓடும், அது தீர்ந்தால் பெற்றோல். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு இப்படியான இரண்டு வண்டிக்கு நடுவில் நின்று யோசிப்பவர்கள் ஊரில் பலர். பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது பெற்றோல் இல்லாமல் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ராவ்4இன் முந்தைய தலைமுறைப் பிளக்-இன் வண்டியின் பற்றரி 18.1 யூனிற் (கிலோவாட்-மணித்தியாலம்). ஜப்பானியத் தாளில் மின்சாரத் தூரம் 95 கி.மீ. என்று இருக்கும். சீலயன் 6இன் 18.3 யூனிற் வகைக்கு அவுஸ்திரேலியாவில் கொடுத்த எண் 92 கி.மீ. அப்படியென்றால் ராவ்4 மேல் என்று முடிவெடுத்துவிடலாமா? முடியாது. 95 என்பது டபிள்யூ.எல்.டி.சி. முறையில் ஜப்பான் எடுத்த அளவு. அந்தச் சோதனையில் மிக வேகமாக ஓடும் கடைசிப் பகுதியை ஜப்பான் விட்டுவிடுகிறது. 92 என்பது என்.இ.டி.சி. என்ற பழைய, இளகிய முறையில் வந்தது. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. முறையில் இரண்டையும் வைத்தால் ராவ்4க்கு 75, அங்கே சீல் யூ என்ற பெயரில் விற்கும் சீலயனுக்கு 80. வரிசையே தலைகீழாகிவிட்டது. ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது எந்தச் சோதனையின் எண் என்று கேளுங்கள். ஒரே முறையில் எடுத்த எண் இரண்டு வண்டிக்கும் கிடைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். ஏசி போட்டு நாலு பேர் ஏறி ஓடும்போது எந்த எண்ணும் குறையத்தான் செய்யும்.

"100 கி.மீ.க்கு 1 லீற்றர்தான்" என்று சொல்லப்படும் கணக்கும் இதே இனம். பற்றரி நிரம்பிய ஓட்டத்தையும் தீர்ந்த ஓட்டத்தையும் ஒரு விகிதத்தில் கலந்து எடுத்த சராசரி அது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாளாந்தம் வேலைக்கு வந்து போகிறவருக்குப் போக வர ஏறக்குறைய 66 கி.மீ. நடைமுறையில் 45 கி.மீ. மட்டும் மின்சாரத்தில் ஓடும் வண்டி என்றால் மிச்சம் 21 கி.மீ. பெற்றோல். லீற்றருக்கு 14 கி.மீ. என்று வைத்தால் நாளுக்கு 1.5 லீற்றர், 22 வேலை நாளுக்கு 33 லீற்றர். 70 கி.மீ. ஓடும் வண்டியில் அந்தச் செலவு இல்லை. ஆனால் கோண்டாவிலில் இருந்து நாளுக்கு 20 கி.மீ. ஓடுகிறவருக்கு 45 கி.மீ. வண்டியும் 70 கி.மீ. வண்டியும் ஒன்றுதான். பெரிய பற்றரிக்குக் கொடுத்த கூடுதல் பணம் அவருக்குத் திரும்பி வராது. மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது வேறு: ஏறக்குறைய 400 கி.மீ. பாதையில் பற்றரி முதல் ஆறில் ஒரு பங்கிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் லீற்றருக்கு எத்தனை கி.மீ. என்பதுதான் அவருடைய எண்.

அந்த எண் விற்பனையகத்துப் பரீட்சார்த்த ஓட்டத்தில் தெரியாது, ஏனென்றால் அங்கே வண்டி எப்போதும் நிரம்பச் சார்ஜ் ஏற்றியே நிற்கும். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், மனம் மயங்கிவிடும். பற்றரி அடிமட்டத்துக்கு வந்த நிலையில் ஒருமுறை ஓட்டக் கேளுங்கள். இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே பாதையில், ஏசியை ஒரே அளவில் வைத்து ஓட்டுங்கள். சாவகச்சேரி வரை போய்த் திரும்பினால் 30 கி.மீ.க்கு மேல் வரும், அது போதும். லொறியை முந்தும்போது எஞ்சின் எப்படிக் கத்துகிறது, இழுவை குறைகிறதா என்பதும் அப்போது வெளிச்சமாகும்.

வீட்டு வயரிங்கை மறப்பது

வண்டிக்காகக் கோடி கணக்கில் செலவழிப்பவர் சார்ஜ் ஏற்றும் இடத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார். 13 அம்பியர் சொக்கெற்றில் 10 அம்பியர் இழுத்தால் 230 வோல்ற்றில் 2.3 கிலோவாட். வழியில் 10 முதல் 15 வீதம் இழப்பு. 18 யூனிற் பற்றரி வெறுமையிலிருந்து நிரம்ப 9 மணித்தியாலம் ஆகும். வோல்ற்றேஜ் 200க்கு இறங்கும் வீட்டில் இன்னும் கூடும்.

நேர அடிப்படைக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, 7 மணித்தியாலம் மட்டுமே. 10 அம்பியரில் அதற்குள் நிரம்பாது. 16 அம்பியரில் ஏறக்குறைய 3.7 கிலோவாட், 6 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே ஒப்பிடும்போது இரண்டு வண்டியிலும் உள்ளிருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட் வாங்கும் என்று கேளுங்கள். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் நிலைமை வேறு. மாதம் 180 யூனிற்றைத் தாண்டியதும் மேலதிக யூனிற் ஒவ்வொன்றும் உச்சப் படியில் விழும். நாளுக்கு 12 யூனிற் ஏற்றினால் 22 நாளில் 264 யூனிற், வீட்டுப் பாவனை அதற்கு வெளியே. கணக்கு எளிது: ஒரு யூனிற்றுக்கு 5 கி.மீ., ஒரு லீற்றருக்கு 15 கி.மீ. என்று எடுத்தால் பெற்றோல் விலையில் மூன்றில் ஒன்றை விட யூனிற் விலை குறைவாக இருந்தால்தான் சார்ஜ் ஏற்றுவதில் லாபம். கூரையில் சோலர் உள்ளவர்கள், வண்டி பகலில் வீட்டில் நிற்குமா என்பதையும் பாருங்கள்.

எர்த் இன்னொரு சிக்கல். நம் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே மண் மெல்லியது. கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் தடை ஏறிவிடும். அப்போது சார்ஜர்ப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும், பழி வண்டிக்குப் போகும். விலை பேசுவதற்கு முன் தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சார்ஜுக்குத் தனி இணைப்பு இழுப்பதே நல்லது: 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ஏ வகை ட்ரிப் சுவிச், நீல நிற 16 அம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கெற். நீட்டிப்பு வயரில் ஒருபோதும் ஏற்ற வேண்டாம்.

ரீகண்டிஷன் வண்டியோடு வரும் ஜப்பானியக் கேபிள் பெரும்பாலும் 200 வோல்ற், 15 அம்பியருக்குச் செய்தது. அதன் தலையை வெட்டி 13 அம்பியர் பிளக் பூட்டிக் கொடுக்கிறார்கள். இரவு முழுக்க 15 அம்பியர் ஓடினால் பிளக் கருகும். 100 வோல்ற் கேபிள் வந்திருந்தால் இங்கே செருகவே கூடாது. சார்ஜ் வாயும் ஒன்றல்ல: ஜப்பானிய வண்டிக்கு ரைப் 1, சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த வண்டிக்கு ஜி.பி.ரி. வாய், ஏற்றுமதிக்குச் செய்த சீன வண்டிக்குப் பொதுவாக ரைப் 2.

பற்றரியின் வயதும் இனமும்

ரீகண்டிஷன் வண்டியில் மீற்றர் வாசிப்பும் ஏலத் தாளின் தரமும் பற்றரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஸ்கேனர் பூட்டிப் பற்றரியின் மிஞ்சிய கொள்ளளவை எடுக்கச் சொல்லி அதன் படத்தை வாங்கி வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பற்றரியைத் தீர்த்து, மின்மானி வைத்து முழுதாக நிரப்புங்கள். சுவரிலிருந்து எத்தனை யூனிற் போனது என்று பார்த்து, 12 வீதம் இழப்பைக் கழியுங்கள். புதிய பற்றரியிலும் முழுக் கொள்ளளவைப் பாவிக்க விடமாட்டார்கள். ஆகவே 18 யூனிற் பற்றரி 15 யூனிற் ஏற்றினால் பயமில்லை, 10 மட்டும் என்றால் யோசியுங்கள்.

பற்றரியைக் கெடுப்பதில் நம் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்.எஃப்.பி. (லிதியம் இரும்பு பொஸ்பேற்) வகை முழுச் சார்ஜையும் அதிக சுழற்சிகளையும் தாங்கும். என்.எம்.சி. (நிக்கல், மங்கனீஸ், கோபோல்ற்) வகையை நிரப்பிவிட்டு வெயிலில் நாட்கணக்கில் நிறுத்துவது கூடாது. குளிரூட்டல் காற்றிலா, திரவத்திலா, ஏசி வாயுவிலா என்று கேளுங்கள்.

மற்றவை சிறியவை, ஆனாலும் விடக்கூடாது. மாற்றுச் சக்கரம் உண்டா, பஞ்சர் கிற் மட்டுமா? ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் கிற் உதவாது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் நிற்க நேரும். தரை இடைவெளியைச் சுமை ஏற்றிய நிலையில் கேளுங்கள், பற்றரி அடியில் இருக்கிறது. தீவுப் பக்கம் ஓடுகிறவர்கள் அடிப்பாகத்தின் செம்மஞ்சள் உயர் வோல்ற் கேபிள்களின் மூடிகளில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கடைசியாகப் பழுது. கிட்டிய கிளையில் எண்ணெய் மாற்றிவிடுவார்கள், உயர் வோல்ற் பகுதியைத் திறக்கப் பயிற்சி பெற்றவர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் வண்டி கொழும்புக்குப் போக வேண்டும். அதுவும் கட்டி இழுத்தல்ல, நான்கு சக்கரமும் தரையில் படாமல் லொறித் தட்டில் ஏற்றி. அந்தக் கூலி யார் தலையில், பற்றரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ., கொள்ளளவு எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதை முற்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.